பீட்ரூட் சாறு வேண்டாம்: வீட்டில் மூலிகை லிப் பாம் செய்யும்போது நடக்கும் தவறுகள்

மார்கழி பிறந்ததும் என் உதடு வெடிக்க ஆரம்பித்துவிடும். நான் முதன்முதலில் லிப் பாம் செய்ததும் அப்படி ஒரு மார்கழியில்தான். தேங்காய் எண்ணெயையும் தேன்மெழுகையும் உருக்கி, நிறத்துக்காக ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறு ஊற்றிக் கலக்கி, அக்கா மகளுக்கு ஒரு டப்பா கொடுத்தேன். ஆறாம் நாள் அக்கா போன் செய்தாள். "மேலே ஏதோ பஞ்சு மாதிரி படர்ந்திருக்குடி, இது பூசலாமா?" என்று கேட்டாள். பூஞ்சை. முந்தின நாள் வரை குழந்தை அதைப் பூசிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

லிப் பாம் என்பது எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது. அதில் தண்ணீருக்கு இடமே இல்லை. இது நம் சமையலறைக்குப் புதிய விஷயமும் இல்லை. வெண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கும்வரை காத்திருக்கிறோம். தண்ணீர் போனால்தான் நெய் கெடாது. ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்டால் பாட்டி திட்டுவார். ஆனால் லிப் பாம் என்று வரும்போது மட்டும் பீட்ரூட் சாறு, கற்றாழைச் சோறு, பன்னீர், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் ஊற்றிவிடுகிறோம். இவை எண்ணெயோடு கலப்பதும் இல்லை. சிறு சிறு துளிகளாக உள்ளே சிக்கிக்கொள்ளும். கிருமிகளுக்கு அந்தத் துளி போதும். தேனும் எண்ணெயில் கரையாது, அடியில் போய்த் தங்கிவிடும்.

"வைட்டமின் இ கேப்ஸ்யூல் ஒன்றை உடைத்து ஊற்றினால் கெடாது" என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பூஞ்சையையோ பாக்டீரியாவையோ தடுக்கும் வேலை அதற்குத் தெரியாது. சாறு ஊற்றிய பாமை அது காப்பாற்றாது.

சரி, நிறத்துக்கு என்ன செய்வது? பீட்ரூட், ரோஜா, செம்பருத்தி, மாதுளை இவற்றின் சிவப்பெல்லாம் தண்ணீரில் கரையும் சிவப்பு. ரோஜா இதழை எத்தனை நாள் எண்ணெயில் ஊறவைத்தாலும் எண்ணெய் சிவக்காமல் இருப்பது அதனால்தான். எண்ணெயில் இறங்கும் சிவப்பு வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் வேம்பாளம்பட்டை கேளுங்கள். தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். இளஞ்சூட்டு எண்ணெயில் ஒரு சிறு துண்டு போட்டால் கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு இறங்குவதைப் பார்க்கலாம். அழகான காட்சி அது. ஆனால் உதட்டில் பூசுவதில் கொஞ்சமாவது வயிற்றுக்குள் போகும். அதனால் நிறம் லேசாக இருந்தால் போதும் என்பது என் எண்ணம். குழந்தைகளுக்குச் செய்வதில் நான் நிறமே சேர்ப்பதில்லை.

மூலிகையிலும் இதே ஈரப் பிரச்சினைதான். துளசியைச் செடியிலிருந்து பறித்து, கழுவி, அப்படியே எண்ணெயில் போடுவது தவறு. நிழலில் உலர்த்தி, கையில் எடுத்தால் நொறுங்கும் பதம் வந்த பிறகே போட வேண்டும். அப்புறம் அதைப் பொரிக்கக் கூடாது. வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து, குறைந்த தீயில் முக்கால் மணி நேரம் சூடு காட்டி, துணியில் வடிகட்டுங்கள். மஞ்சள்தூள், அதிமதுரப் பொடி போன்றவற்றை நேராகக் கலந்தால் அடியில் படியும், உதட்டில் நறநறக்கும். இன்னொன்று, காலெண்டுலா என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் பூவைச் சிலர் நம்மூர்ச் செண்டுமல்லி என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். போதாததற்கு, பூக்கடைக்கு வரும் பூவில் பூச்சிமருந்து தெளித்திருக்கலாம். அது உதட்டுக்கு வேண்டாம்.

அளவு விஷயத்தில் தவறு நம்மேல் முழுதாக இல்லை. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பல குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே தேங்காய் எண்ணெய் கெட்டியாகவே இருக்கும். அது உருகுவது 24, 25 டிகிரியில். நம்மூரில் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் அது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அவர்கள் சொல்லும், மெழுகு ஒன்றுக்கு எண்ணெய் ஐந்து என்ற அளவில் செய்துவிட்டு, சித்திரை வெயிலில் கைப்பையைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குளம். இங்கே மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு என்று தொடங்குங்கள். 10 கிராம் மெழுகுக்கு 30 கிராம் எண்ணெய். ஸ்பூனில் அளக்காதீர்கள், துருவிய மெழுகுக்கு இடையில் காற்று இருக்கும், ஒவ்வொரு முறையும் அளவு மாறும். சின்ன எடை மெஷின் ஒன்று இருந்தால் நல்லது. எண்ணெயில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோகம் வெண்ணெய் (கோகம் பழக் கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) சேர்த்தால் வெயிலுக்கு இன்னும் தாங்கும். டப்பாவில் ஊற்றுவதற்கு முன், ஃபிரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் தேய்த்தால் பதம் தெரிந்துவிடும்.

பொருள் வாங்கும் இடத்தில் இரண்டு குழப்பங்கள் உண்டு. மெழுகுவத்தியை உருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது ஒன்று. அது பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு. வாசனையும் சாயமும் வேறு கலந்திருக்கும். தேன்மெழுகைத் தேனீ வளர்ப்பவர்களிடமே கேட்டு வாங்கலாம். தேனீ வளர்ப்புக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கம் உள்ளவர்களுக்கு அது கஷ்டமே இல்லை. இரண்டாவது குழப்பம் பெயரால் வருவது. பாமுக்குப் பளபளப்பு தருவது விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கு எண்ணெய். பூஜைக் கடையில் கிடைக்கும் தீப எண்ணெய் வேறு. அது விளக்கு ஏற்ற மட்டும்.

மெழுகை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்காதீர்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கொதிக்கும் தண்ணீருக்குள் எவர்சில்வர் டம்ளரை வைத்தாலே போதும். நேரடித் தீயில் எண்ணெயும் மெழுகும் பற்றிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். ஆவி பட்டு டம்ளருக்குள் தண்ணீர் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதடு சுறுசுறுவென்று இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதற்காகப் புதினா எண்ணெய், கற்பூரம், லவங்கப்பட்டை எண்ணெய் எல்லாம் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். அந்தச் சுறுசுறுப்பு எரிச்சல். உதட்டுத் தோல் மிக மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பியும் அதில் அநேகமாகக் கிடையாது. வெடித்த உதட்டுக்குக் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ், புதினா, லவங்கப்பட்டை, எலுமிச்சை வகை வாசனைகள் கூடாது என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியும் சொல்கிறது. எரிந்தால் நாக்கால் ஈரப்படுத்துவோம், அந்த ஈரம் காய்ந்ததும் இன்னும் வெடிக்கும். எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருக்கவும் புண்ணாகவும் வாய்ப்புண்டு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு விஷம்.

டப்பாவைக் கழுவியதோடு விடாமல் நன்றாகக் காயவையுங்கள், தேதி எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் செய்யுங்கள். முதல் முறை பூசுமுன் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். ஒரே டப்பாவை வீட்டில் எல்லோரும் தொட வேண்டாம். உதட்டுக் கொப்புளம் அப்படிப் பரவும். தேங்காய் எண்ணெயே வெயிலைத் தடுக்கும் என்று நம்பி இதைச் சன்ஸ்கிரீனாக நினைக்கவும் வேண்டாம். விற்கும் எண்ணம் இருந்தால், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும்.

பாம் உதட்டுக்கு ஈரம் தராது, இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். அதனால் முகம் கழுவித் துடைத்த உடனே பூசுங்கள். இரண்டு மூன்று வாரம் பூசியும் ஆறாவிட்டால், அதுவும் வாயோரத்தில் வெடிப்பு விட்டு வலித்தால், பாமை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். அது இரும்புச் சத்துக் குறைவாகவோ பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம்.