கதைக்க ஏலாத ஆள் பாட்டு மட்டும் பாடினா என்ன செய்யிறது

எங்கட பெரியப்பாவுக்கு பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல் போய் மூண்டாவது கிழமை, தண்ணி வேணுமெண்டாலும் கையாலதான் காட்டுவார், அப்பிடி இருந்த மனுசன் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம் ஸ்பீக்கர் கட்டின வாகனம் ஒண்டு ரோட்டால போக, அந்தப் பாட்டோட சேந்து நாலு வரி சொல் பிசகாமல் பாடிப்போட்டார். பெரியம்மா அம்மாளாச்சி கண் திறந்திட்டா எண்டு அழுதா. வாகனம் போன பிறகு தண்ணி கேக்க திரும்பவும் கைதான்.

இது கன வீட்டில நடக்கிறதுதான். சொல்லைக் கோத்து வாய்க்கு அனுப்புற புரோக்கா பகுதி கனபேருக்கு மூளையின்ர இடப்பக்கம் கிடக்கு, அங்க அடிபட்டா சொல்லுறது விளங்கும், பதில்தான் வராது. ராகத்துக்கு மூளையின்ர வலப்பக்கமும் வேலை செய்யும், அதோட பழகின பாட்டு யோசிக்காமலே வாயில வரும். ஆனா நல்லாக் கேளுங்கோ, பாட்டுப் பாடினா மட்டும் பேச்சு வராது, நாங்களும் அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை சும்மா பாட்டுப் போட்டுப் போட்டு ஏமாந்தனாங்கள். தேவையான சொல்லை ராகத்துக்குள்ள ஏத்தவேணும். 1973இல பொஸ்டனில அல்பேர்ட், ஸ்பாக்ஸ், ஹெல்ம் எண்ட மூண்டு பேர் இதை ஒரு முறையாக்கி வெளியிட்டவை, மெலோடிக் இன்டொனேஷன் தெரபி எண்டு பேர்.

செய்யிறது இப்பிடி. முன்னுக்கு இருந்து உங்கட வாய் அவருக்குத் தெரியிற மாதிரி வையுங்கோ, அவரின்ர இடக்கையைப் பிடிச்சு மேசையில தட்டுங்கோ. 'தண்ணி தாங்கோ' எண்டா நாலு தட்டு, தண், ணி, தாங், கோ. முதல்ல வாய் மூடி ஹ்ம் ஹ்ம் எண்டு ராகம் மட்டும், ரெண்டு சுரம் போதும், ஒண்டு மேல ஒண்டு கீழ. பிறகு நீங்கள் சொல்லோட பாடுங்கோ, பிறகு ரெண்டு பேரும் சேந்து, பாதியில நீங்கள் நிப்பாட்டி அவரை முடிக்க விடுங்கோ, கடைசியா 'என்ன வேணும்' எண்டு கேட்டு அவரே சொல்லவேணும். ராகத்தை மெல்ல மெல்லக் குறைச்சு சாதாரண பேச்சுக்குக் கொண்டுவாறது பிறகு, அதுக்கு நாள் எடுக்கும், அவசரப்பட்டா ஆள் கோவிச்சுக்கொண்டு வாயை மூடிடும். களைச்சா விட்டிடுங்கோ. கிளினிக்கில ஸ்பீச் தெரபிஸ்ட் இருந்தா காட்டிக் கேளுங்கோ, சொல்லுறதே விளங்காத ஆக்களுக்கு இது அவ்வளவு சரிவராது.

மற்ற நேரத்தில பாட்டுக் கேக்க விடுறதும் வீண் இல்லை. ஹெல்சிங்கியில பாரிசவாதம் வந்த 60 பேரை வைச்சு 2008இல வெளிவந்த ஆய்வில, ரெண்டு மாதம் நாளாந்தம் தங்களுக்குப் பிடிச்ச பாட்டுக் கேட்ட ஆக்களுக்கு சொல் ஞாபகமும் கவனமும் மற்றவைய விட நல்லாத் திரும்பினது, மனச்சோர்வும் குறைவு. அவைக்குப் பிடிச்சது எண்டதைக் கவனியுங்கோ. உங்கட ஃபோனில இருக்கிறது இல்லை, அவர் வயலில அருவி வெட்டேக்க பாடினது, கூத்தில ஆடினது, தேவாரம், கோயில்ல பாடுற கீதம். எங்கட பக்கத்தில இன்னொரு விசயமும் இருக்கு, 2009 சண்டைக் காலத்தோட ஒட்டின சில பாட்டுகள் கேட்டா ஆள் நடுங்கும், முகம் மாறினா அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ, ஏன் எண்டு கேக்காதேங்கோ. தலையில ஷெல் துண்டு கிடந்து வலிப்பு வாற ஆள் எண்டா முதல்ல டொக்டரைக் கேளுங்கோ.

நடைக்குத் தாளம்தான் முக்கியம். ஒரு நிமிசத்துக்கு எத்தினை அடி வைக்கிறார் எண்டு எண்ணுங்கோ, 50 எண்டா, ஒரே அளவில டிக் டிக் எண்டு தட்டுற மெட்ரோனோம் ஆப்பை ஃபோனில 50இல விட்டு அந்தச் சத்தத்துக்கு காலை வைக்கச் சொல்லுங்கோ, பழகின பிறகு 53, 55 எண்டு கூட்டலாம். ஆப் இல்லாட்டி கை தட்டினாலும் சரி. ஒராள் பலமில்லாத பக்கம் பிடிச்சுக்கொண்டு போகவேணும், முற்றத்து மணல்ல வேண்டாம், கால் புதையும், சீமெந்து விறாந்தையில செருப்பில்லாமல் நடக்க விடுங்கோ.