மூழ்கிய போர்க்கப்பலுக்கு டைவ் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். சுமார் 53 மீட்டர் ஆழத்தில் அது இன்றும் ஒருக்களித்துக் கிடக்கிறது. இப்படி ஒரு கப்பலைக் கேட்பாரற்ற பழைய இரும்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்துதான் முளைக்கின்றன.

போர்க்கப்பல் எத்தனை ஆண்டு கடலடியில் கிடந்தாலும் அது எங்களுடையதுதான் என்பது பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளின் நிலைப்பாடு. இதற்காகவே பிரிட்டன் 1986இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தில் 800க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கிய ராயல் ஓக் கப்பலில் அனுமதி இல்லாமல் யாரும் டைவ் செய்ய முடியாது. அதனால் படகு ஏறும் முன்பே அனுமதி வேண்டுமா என்று விசாரித்துவிடுங்கள்.

அடுத்தது, ஞாபகத்துக்கு ஒரு சின்னப் பொருளை எடுத்து வருவது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பல பத்தாண்டுகள் கடலில் கிடந்த இரும்புக்குள் உப்பு ஊறியிருக்கும். மேலே கொண்டுவந்து காயவிட்டால் துரு வேகமெடுத்து, பொருள் வெடித்து உதிரும். உப்பை முறையாக வெளியேற்ற ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஆகும். வீட்டு அலமாரியில் அது நடக்காது. அது மட்டுமல்ல, ஒரு வெற்றுத் தோட்டா உறை பீரங்கிக்குப் பக்கத்தில் கிடந்தால், கடைசி நிமிடம் வரை சுட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சியாகலாம். எடுத்துவிட்டால் அது வெறும் பித்தளை. ஜாவா கடலில் 1942இல் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்கள் டி ராய்ட்டர், ஜாவா இரண்டையும் 2016இல் தேடிப் போனவர்கள் கடலடியில் கப்பல் வடிவப் பள்ளங்களைத்தான் பார்த்தார்கள். அது பழைய இரும்புக்காக நடந்த பெருங்கொள்ளை. நினைவுப்பொருள் எடுப்பதும் அதே எண்ணத்தின் சின்ன வடிவம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெயரைப் படிக்கவோ படம் எடுக்கவோ மேலே படிந்த கெட்டியான ஓட்டினைச் சுரண்டுகிறவர்களும் உண்டு. சுண்ணாம்பும் துருவும் பவளமும் சேர்ந்து இறுகிய அந்த ஓடுதான் உலோகத்துக்குப் போர்வை. அதை உடைத்தால் புதிய ஆக்சிஜன் உள்ளே போய் அரிப்பு மறுபடி வேகம் பிடிக்கும். கப்பலின் மேல் நங்கூரம் போடுவதும், மெலிந்த கைப்பிடிக் கம்பியில் படகைக் கட்டுவதும் இதைவிட மோசம். மிதவை இருந்தால் அதில் கட்டுங்கள், இல்லையென்றால் கப்பலை விட்டுத் தள்ளி மணலில் நங்கூரமிடுங்கள்.

உள்ளே நுழைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் விடும் குமிழிகள் கூரையில் தேங்கி அங்கும் துருவை வளர்க்கும். ஃபின்னை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) மேலும் கீழும் அடித்தால் வண்டல் கிளம்பி, வந்த வாசலே தெரியாமல் போகும். தனிப் பயிற்சியும் வழிகாட்டிக் கயிறும் இல்லாமல் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அப்புறம், ஆழம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸ் அதற்கும் கீழே. 32 சதவீத நைட்ராக்ஸோடு, அதாவது ஆக்சிஜன் 32 சதவீதமாகக் கூட்டப்பட்ட காற்றோடு, 53 மீட்டருக்கு இறங்கினால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 2 பார் என்ற அளவைத் தொடும். பாதுகாப்பான அளவாக வைத்திருப்பதோ 1.4. அதைத் தாண்டினால் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம்; தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் உயிர் பிழைப்பது கஷ்டம். வெறும் காற்றோடு போனால் நைட்ரஜன் மயக்கம் புத்தியை மழுங்கடிக்கும். இந்த ஆழத்துக்கு ஹீலியம் கலந்த வாயுவும் பொழுதுபோக்கு எல்லையைத் தாண்டி இறங்குவதற்கான டெக்னிக்கல் டைவிங் பயிற்சியும் வேண்டும்.

குண்டு, டார்பிடோ, நீர்மூழ்கிகளைத் தகர்க்க வீசும் ஆழ்கடல் வெடி எதையும் தொடாதீர்கள். தண்ணீரில் நனைந்ததால் செத்துப்போயிருக்கும் என்பது தப்புக் கணக்கு. சில வெடிமருந்துகள் வயதாக ஆக இன்னும் எளிதில் வெடிக்கக்கூடியவை ஆகின்றன.

கேமராவைத் தாராளமாகக் கொண்டு போங்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில், அளவுகோல் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்த படங்கள் கப்பல் எவ்வளவு வேகமாக நலிகிறது என்று கணக்கிட உதவும். இதுவரை யாரும் அறியாத மூழ்கிய கப்பல் ஒன்று கண்ணில் பட்டால் அதன் இருப்பிடத்தை இணையத்தில் போட்டுவிடாமல், அந்தக் கரையின் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.