மனைவிக்குச் சுகர் என்றால் கணவன் செய்யும் தவறுகள்

போன ஆடி மாதம் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டேன். ஆழாக்கு தட்டுப்பட வேண்டிய இடத்தில் நாலாய் மடித்த பேக்கரி கவர் வந்தது. உள்ளே பாதி தின்ற தேங்காய் பன். 52 வயதுப் பெண், சொந்த வீட்டில், அரிசிக்குள் பன்னை ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்க வாயெடுத்தவன் சும்மா இருந்துவிட்டேன். ஒளிக்கப் பழக்கியதே நான்தான்.

அதற்கு நாலு மாதம் முன்பு அவளுக்கு ஹெச்பிஏ1சி என்ற சுகர் பரிசோதனையில் 8.9 வந்தது. அன்றிலிருந்து நான் வீட்டுக் கான்ஸ்டபிள் ஆனேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தபோது, "அவங்களுக்கு வேணாம்ப்பா, சுகர்" என்று நானே உரக்கச் சொன்னேன். எதிர்ப் பந்தி வரை திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் என் எதிரில் இனிப்பைத் தொட்டதில்லை. கண்காணித்தால் தின்பது குறைவதில்லை, நம் கண்ணுக்குப் படுவதுதான் குறைகிறது. விருந்தில் சோற்றைக் குறைத்துக்கொண்டு ரெண்டு கரண்டி பாயசம் குடிப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. இப்போது பந்தியில் நான் என் இலையை மட்டும் பார்க்கிறேன்.

அடுத்த தவறு தனிச் சமையல். கணவனுக்குச் சுகர் என்றால் மனைவி தனியாகச் சமைத்துப் போடுவாள். மனைவிக்கு வந்தால்? எங்களுக்குப் பூரி சுட்டு எடுத்த அதே கையால் தனக்கு ஓட்ஸ் கிண்டிக்கொண்டாள். பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் பூரிதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாற வேண்டியது வீட்டின் மொத்தச் சமையலும்தான். இப்போது எல்லோருக்குமே சோறு குறைவு, பொரியல் ரெண்டு. முதலில் பொரியலையும் முட்டையையோ மீனையோ சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சுகர் ஏறுவது குறைகிறது. செலவில்லாத வைத்தியம்.

எங்களைப் போன்ற கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மத்தியும் நெத்திலியும் சுகரை ஏற்றாது, நல்ல மீன். ஆனால் மீன் குழம்பு வைத்த அன்று சோறு தானாகக் கூடும். புளிப்பும் காரமும் "இன்னொரு கரண்டி" என்று இழுக்கும். குழம்பு வைக்கும் நாளில் அரிசியை அளந்து கால்படி குறைத்து உலையில் போடுவதுதான் எங்கள் வழி. பானையில் இல்லாததை யாரும் போட்டுக்கொள்ள முடியாது.

சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று நினைத்து ஏமாந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிண்ணம், அதாவது 150 கிராம் சோற்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து. 30 கிராம் மாவில் இட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராம். நாலு சப்பாத்தி தின்றால் ரெண்டு கிண்ணம் சோற்றுக்குச் சமம். கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் விறுவிறுவென்று ஏறும். அடையாகத் தட்டிக் கீரையோடு தின்பது மேல். வெல்லமும் கருப்பட்டியும் நல்லவை என்பது நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். ரெண்டிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். வெந்தயம், ஆவாரம்பூ எல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் மொத்தமாகத் தடை போட்டால் திரும்பவும் அரிசி டப்பாதான். ரெண்டு மூணு சுளை, சோறு தின்ற வயிற்றில் இல்லாமல் சாயங்காலம். ஜூஸ் மட்டும் வேண்டாம்.

நான் நிஜமாகவே பயந்தது வேறொன்றுக்கு. ஒரு கிருத்திகை விரதம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள். மதியம் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட் வியர்வையில் நனைந்து, விரல்கள் நடுங்கிக்கொண்டு. "என்னங்க, கண்ணு இருட்டுது" என்றாள். மெஷினில் 58. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அவை பார்ப்பதில்லை. இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இது அபூர்வம்.

70-க்குக் கீழே போனால் 'லோ சுகர்'. நான் பதறிப்போய் சாக்லேட்டைத் தேடினேன், அதுவும் தவறு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். விரதம் இருக்க வேண்டுமென்றால் முந்தின வாரமே டாக்டரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலையில் மெஷினைப் பார்த்து முகம் சுளிப்பதையும் நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் 148 என்றால் "நேத்து என்ன தின்னே?" என்பேன். சரியாகத் தூங்காத ராத்திரியும் காய்ச்சலும்கூட அந்த நம்பரை ஏற்றும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஏறக்குறைய மூணு மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி இருக்க, ஒரு காலையை வைத்துப் பஞ்சாயத்து எதற்கு?

சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது நல்லது. சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். அங்கே பஜ்ஜிக் கடை இருப்பதை மறந்துபோனேன். இப்போது மஞ்சக்குப்பம் மைதானம்.

கடைசியாக, டாக்டரிடம் கூடப் போவது. போகலாம், ஆனால் வாயை மூடிக்கொண்டு. முதல் மூணு தடவையும் அவர் அவளைக் கேட்டார், நான் பதில் சொன்னேன். நாலாவது தடவை தொண்டை கட்டியிருந்ததால் பேச முடியவில்லை. "ராத்திரி மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "வாரத்துல மூணு நாள் போடறதில்ல சார். இவங்களுக்கும் பசங்களுக்கும் சாப்பாடு போட்டுட்டு நான் உட்கார பத்தரை ஆயிடும். எட்டு மணிக்கு மாத்திரை போட்டா அதுக்குள்ள படபடன்னு வந்துடுது."

அன்று ராத்திரி எட்டு மணிக்கு அவளை முதலில் உட்கார வைத்து நான் பரிமாறினேன். பொரியல் கரண்டி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் ரெண்டு முறை கேட்டேன்.