தையல் மெஷின் வாங்கிக் கொடுக்கும் முன்: சோமாலிப் பெண்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ரொறன்ரோவில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், டிக்சன் வீதியோரமாக உயர மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். 1990களின் தொடக்கத்தில் சோமாலியப் போருக்குத் தப்பி வந்தவர்கள் பெருவாரியாகக் குடியேறிய இடம். தன்னார்வலராக நான் முதன்முதல் போன வீட்டில், ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதன்மேல் பிள்ளைகளின் புத்தகப் பைகள் மூன்று. உதவ வந்த ஒரு குழு வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"தைக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை" என்றார் அந்த அம்மா.

அவர் மொகடிஷுவில் ஒட்டகப்பால் விற்றவர். விடியுமுன் ஊர்ப்புறத்திலிருந்து வரும் பாலை வாங்கி, புகை காட்டிய பாத்திரத்தில் ஊற்றி, கைக்காசுக்கும் கடனுக்கும் பிரித்துக் கொடுத்து, கணக்கு முழுவதையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தவர். 1991 ஜனவரியில், சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் அரசு விழுந்த பிறகு எத்தனையோ சோமாலிய வீடுகளில் அடுப்பு எரிந்தது இப்படிப்பட்ட பெண்களின் வியாபாரத்தால்தான். அவருக்குச் சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று கிளம்புவதே முதல் பிழை. இந்த ஊரில் அவர் காலைக் கட்டுவது கடதாசி, பேருந்து, பிள்ளை பார்க்க ஆளில்லாமை. நமக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே முதல் சந்திப்பில் "என்ன பயிற்சி வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அங்கே என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் பால் வியாபாரமாகவும் இருக்கும், தாதியாகவும் இருக்கும், கணித ஆசிரியையாகவும் இருக்கும்.

"கடைசிப் பெயர் என்ன?"

தமிழருக்கு இது பழக்கமான தலையிடி. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, பள்ளிக்கூடத்தில் ஆசிரியை நம்மை அப்பாவின் பெயரால் கூப்பிட்ட கதை எல்லார் வீட்டிலும் உண்டு. சோமாலிகளுக்கும் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர், அவ்வளவுதான். கல்யாணமானாலும் பெண் அதை மாற்றுவதில்லை. ஆகவே தாயின் கடைசிப் பெயரும் பிள்ளைகளின் கடைசிப் பெயரும் வேறு வேறாக இருக்கும். இதைத் தெரியாத அலுவலர் "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்பார். கூடப் போகிற நாமும் சேர்ந்து முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சிக்கல். சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக வந்தது 1972இல். அதில் ஆங்கில எக்ஸ் எழுத்துக்குத் தொண்டைக்குள்ளிருந்து வரும் 'ஹ' ஒலி. அலி என்ற பெயர் ஆங்கில சி எழுத்தில் தொடங்கும். அதனால் ஹலிமா என்ற ஒரே பெண், அகதி முகாம் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தன் கையால் எழுதிய படிவத்தில் வேறு விதமாகவும் இருப்பார். கணினிக்கு அவர் இரண்டு பேர். பிறந்த திகதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். குடிவரவுப் பத்திரத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே வங்கி, மருத்துவ அட்டை, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் பாவியுங்கள். ஏற்கெனவே இரண்டாகிவிட்டதென்றால் இருவரும் ஒருவரே என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அதைத் தேடி ஓட நேரமிருக்காது.

"சோமாலி தெரிந்த ஒருத்தரைப் பிடித்துவிட்டோம்"

எந்தச் சோமாலி? தெற்கே ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் பலர் பேசுவது மாய். வானொலியிலும் பாடநூலிலும் உள்ள மஹா வழக்கு அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், நாம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வருவோம். இதற்குமேல் குலப் பிரிவுகள் உண்டு. போரில் எதிரெதிராக நின்றவர்களின் உறவுக்காரர் ஒருவர் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் அந்தப் பெண் வாய் திறக்கமாட்டார். குலம் என்ன என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். "இவர் மொழிபெயர்ப்பது சரியா, வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் ஒருவரை எடுக்கட்டுமா?" என்று தனியாகக் கேட்டால் போதும்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் கர்ப்பப்பை நோயை மருத்துவருக்குச் சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு இன்றைக்கு ஐம்பது வயது. கேட்டுப் பாருங்கள்.

இதே வரிசையில் துண்டுப்பிரசுரம். சோமாலியில் அச்சடித்துக் கொடுத்தாயிற்று, கடமை முடிந்தது என்று இருக்கிறோம். போர் தொடங்கியதும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. கென்யாவின் டடாப் முகாம்களில் வளர்ந்த பெண்ணுக்குத் தன் மொழியே வாசிக்க வராமலிருக்கலாம். ஆனால் காதால் கேட்டதை மறக்காத சமூகம் அது. புரான்புர் என்று பெண்களுக்கே உரிய பாட்டு வடிவம் ஒன்று இருக்கிறது. கல்யாண வீட்டில் எழுத்தைப் பாராமல் அடுக்கடுக்காகச் சொல்வார்கள். எனவே வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புங்கள். எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், எந்தக் கதவு என்று முப்பது விநாடி. அதை அவர் திரும்பத் திரும்பக் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரிக்கும் அனுப்புவார்.

(இடையில் ஒன்று. சோமாலிப் பெண்கள் ஒருவரையொருவர் 'அபாயோ' என்று கூப்பிடுவார்கள். சகோதரி என்று அர்த்தம். முதல் நாள் மாடிப்படியில் யாரோ பின்னாலிருந்து என்னை அப்படிக் கூப்பிட, நான் துள்ளி ஒதுங்கினேன்.)

"சீட்டெல்லாம் வேண்டாம், வங்கியில் போடுங்கள்"

ஆயூத்தோ என்றும் ஹக்பத் என்றும் சொல்வது நம் சீட்டேதான், கழிவு மட்டும் இல்லை. பத்துப் பேர் மாதம் 200 டொலர் போட்டால், மாதம் ஒருத்தருக்கு 2000 டொலர் முழுதாகப் போகும். பிள்ளைக்கு நோய் என்றால் முறையை மாற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பெண்ணிடம் இருக்கும் மிகப் பெரிய முதலீடு இந்த நம்பிக்கை வளையம்தான். அதைப் பின்தங்கிய பழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, கடனட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஆலோசகர்களைக் கண்டிருக்கிறேன். செய்யவேண்டியது வேறு. அவர் அரச உதவிப் பணம் பெறுகிறார் என்றால், கணக்கில் 2000 டொலர் மொத்தமாக விழும்போது அலுவலர் கேள்வி கேட்பார். யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், முன்கூட்டியே அலுவலருக்கும் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

வட்டி வாங்குவதும் கொடுப்பதும் பலருக்கு மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதனால் "சிறுதொழில் கடன்" என்றதும் முகம் மாறும். அதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். கடன் கொடுப்பவர் பொருளைத் தானே வாங்கி, லாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கும் முறை இஸ்லாமிய நிதியில் உண்டு. அமெரிக்காவின் மினியாபோலிஸில், ஆப்பிரிக்கன் டெவலப்மென்ட் சென்டர் என்ற அமைப்பு வட்டி சேராத கடன்களைச் சோமாலி வியாபாரிகள் போன்றவர்களுக்கு ஏற்படுத்தியது. உங்கள் ஊரில் அப்படி இருக்கிறதா என்று தேடித் தருவது உதவி. இன்னொன்று: அகதிகள் வந்து சேர கனடா அரசு கொடுக்கும் பயணக் கடனுக்கு 2018 முதல் வட்டி கிடையாது. இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் பாதி நித்திரை திரும்ப வரும்.

வரவு செலவுத் திட்டம் போட உட்கார்ந்தால், ஊருக்கு அனுப்பும் காசை வெட்டச் சொல்லாதீர்கள். அந்த வரியைத் தாளின் மேலே எழுதுங்கள். வாடகையைப் போல அதுவும் கட்டாயச் செலவு. அவர் ஹவாலா என்றதும் திடுக்கிட வேண்டாம், வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் ஊருக்குக் காசு அனுப்பும் முறை அது, நம்மவர் உண்டியல் என்று சொன்னதன் உறவுதான். கனடாவில், பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபின்ட்ராக்கில் பதிவு செய்த ஹவாலாக் கடை சட்டப்படியானது. பதிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வருமானமில்லை, வரிப்படிவம் எதற்கு?

நான் கண்டதில் மிக அதிகப் பணத்தை இழக்க வைத்த தவறு இது. கனடாவில் மாதாமாதம் வரும் பிள்ளைகள் கொடுப்பனவு, தாய் ஒவ்வோராண்டும் வரிப்படிவம் கொடுத்தால்தான் தொடரும். ஒரு சதம் உழைக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும். கணவர் இன்னும் நைரோபியில் இருக்கிறார் என்றால் அவருடைய வருமான விவரத்தையும் தனியே தெரிவிக்க வேண்டும். யாரும் சொல்லாததால் யூலையில் பணம் நின்று, தாய் ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்று பயந்து அடைந்து கிடந்த வீடுகள் உண்டு.

குடும்பத்தைக் கூப்பிடுவதையும் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளாதீர்கள். மீள்குடியேற்றத்தில், அதாவது வெளிநாட்டில் இருக்கும்போதே அகதியாக ஏற்கப்பட்டு வந்தவர், விண்ணப்பத்திலேயே பெயர் சொல்லியிருந்த கணவனையும் பிள்ளைகளையும், வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் ஒரு தனி வழியில் அழைக்கலாம். அந்த வருடம் நாம் பயிற்சி, செயலமர்வு என்று அலைக்கழிக்கும்போதே கழிந்துவிடும். ஒரு பிள்ளை முகாமில் இருக்க, வகுப்பில் உட்கார்ந்து ஆங்கில வினைச்சொல் படிக்கச் சொன்னால் எந்தத் தாய்க்கு ஏறும்?

எல்லாருக்கும் ஒரே வேலை

முன்பு தையல், இப்போது முதியோர் பராமரிப்புப் படிப்பு. விரும்பிப் போகிறவர் போகட்டும். பால் விற்ற அம்மா தேர்ந்தது வீட்டில் பிள்ளை பார்ப்பது. ஒன்ராறியோவில் உரிமமில்லாமல் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வரை பார்க்கலாம், அதில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் மூவருக்கு மேல் கூடாது. இந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால், ஆறாவது பிள்ளையோடு சிக்கலில் மாட்டுவார். சம்பூசா விற்கலாமே என்பார்கள். நம் சமோசாவின் தங்கைதான், நன்றாகவே விற்கும். ஆனால் இறைச்சி வைத்ததை வீட்டுச் சமையலறையில் செய்து விற்க, பொதுச் சுகாதாரப் பிரிவின் விதிகள் இருக்கின்றன. முதல் தட்டு விற்குமுன் அவர்களோடு பேசுங்கள்.

தொழிற்சாலை வேலை என்றால் தொழுகை நேரம், முக்காடு, இரவு முறை முடியும் நேரத்தில் பேருந்து உண்டா என்ற மூன்றையும் சேரும் முன்பே கேட்டு முடியுங்கள்.

பொறுப்பெடுத்தவர்களுக்கு

தனியார் பொறுப்புக் குழுவாக ஓர் அகதிக் குடும்பத்தை அழைத்திருந்தால் உங்கள் கடமை பொதுவாகப் பன்னிரண்டு மாதம். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்க்கவும் கூடாது. நிதி சேர்க்கும் விருந்தில் மேடையேற்றி, தப்பி வந்த கதையைச் சொல்லச் சொல்வதும் வேண்டாம். மறுக்க முடியாத இடத்தில் நிற்பவரிடம் கேட்பது அது. மாதப் பணத்தை முதல் மாதத்திலிருந்தே அவர் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். வாடகையை அவரே கட்டட்டும். ஒரு மாதம் பிந்தினால் பிந்தட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே அது நடக்கட்டும்.

அவருடைய பத்திரங்கள் உள்ள கோப்பு உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறதென்றால், இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.