வெர்டியின் மண்ணில் ஒரு நாள்: இசை, உணவு, வைன் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட இத்தாலியில் பார்மா நகருக்கு வடமேற்கே, போ ஆற்றை ஒட்டிய சமவெளியில் புஸ்ஸேட்டோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகிலுள்ள ரோங்கோலே என்ற குக்கிராமத்தில்தான் ஓபரா என்னும் இசைநாடகத்தின் மேதை ஜுசெப்பே வெர்டி 1813 அக்டோபரில் பிறந்தார். அவருடைய அப்பா கார்லோ அங்கே வைனும் மளிகைச் சாமான்களும் விற்கும் சத்திரம் நடத்தியவர். சிறுவனின் திறமையைக் கண்டு படிக்க வைத்த அந்தோனியோ பரேட்ஸி, புஸ்ஸேட்டோவில் மளிகையும் மதுவும் விற்ற வணிகர். ஊர் இசைச் சங்கத்தை நடத்தியவரும் அவரே. சங்கத்தின் ஒத்திகைகள் அவர் வீட்டுக் கூடத்திலேயே நடந்தன. இசை, உணவு, வைன் மூன்றும் இங்கே ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. ஆகவே தனி வண்டி, தனி வழிகாட்டி, ஒரு நாள் என்று திட்டமிட இதைவிடப் பொருத்தமான ஊர்ப்புறம் கிடைப்பது அரிது. ஆனால் மூன்றையும் மூன்று தனிக் காட்சிகளாக நினைத்து, அடுக்கடுக்காகப் பார்த்து முடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இந்த நாள் அலைச்சலாகவே முடிகிறது.

வரைபடத்தைப் பார்க்காமல் ஆசைப்படுவது

பெரும்பாலான திட்டங்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பார்மா ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை) வேண்டும், பார்மிஜானோ சீஸ் வேண்டும், மோதெனாவின் பால்சாமிக் வினிகர் வேண்டும், வெர்டியின் வீடும் வேண்டும், மாலையில் ஓபராவும் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. வெர்டியின் ஊர் பார்மாவுக்கு வடமேற்கே சமவெளியில். ஹாமுக்குப் பெயர் பெற்ற லாங்கிரானோ தெற்கே மலையடிவாரத்தில். மோதெனா கிழக்கே. இவற்றை ஒரே நாளில் கோத்தால் பாதி நாள் நெடுஞ்சாலையில் கழியும். பணம் கொடுத்து வாங்கிய தனிப் பயணத்தின் மதிப்பே அதில் போய்விடும்.

சமவெளிக்கும் மலையடிவாரத்துக்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு நிற்பதில்லை, உணவிலும் இருக்கிறது. லாங்கிரானோவில் மலைப்பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த காற்று, பதப்படுத்தும் கூடங்களின் நீண்ட ஜன்னல்கள் வழியே நுழைந்து, தொங்கவிட்ட பன்றித் தொடைகளை மெல்ல உலர்த்துகிறது. அதுதான் பார்மா ஹாம். போ ஆற்றங்கரைச் சமவெளியிலோ குளிர்காலம் முழுக்க மூடுபனி. அந்த ஈரத்தில் முழுத் தொடையை உலர்த்துவது கடினம். அதனால் இங்குள்ளவர்கள் தொடையின் நடுச் சதையை மட்டும் எலும்பு நீக்கி எடுத்து, உப்பிட்டு, பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, கயிற்றால் பேரிக்காய் வடிவில் கட்டி, ஈரம் கசியும் நிலவறைகளில் தொங்கவிட்டார்கள். அதற்குக் குலாதெல்லோ என்று பெயர். விதிப்படி குறைந்தது 10 மாதம் தொங்க வேண்டும். நிலவறைச் சுவரின் பூஞ்சையும் பனியின் ஈரமும் சேர்ந்து கொடுக்கும் அந்த மணம் மலைப்பக்க ஹாமில் வராது. சிபெல்லோ குலாதெல்லோ என்ற பாதுகாக்கப்பட்ட பெயரை ஆற்றை ஒட்டிய ஒரு சில ஊர்களில் செய்ததற்கு மட்டுமே பயன்படுத்தலாம். அவற்றில் புஸ்ஸேட்டோவும் ஒன்று.

வெர்டிக்காகப் போகிறீர்கள் என்றால் குலாதெல்லோவின் பக்கம் நில்லுங்கள், லாங்கிரானோவை இன்னொரு நாளுக்கு வையுங்கள். வெர்டி உணவில் மிகுந்த அக்கறை கொண்டவர். பக்கத்து ஊரான சான் செகொந்தோவின் பன்றித் தோள் இறைச்சியை எப்படி ஊறவைத்து, எந்தச் சூட்டில் வேகவைக்க வேண்டும் என்று நண்பர்களுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். அந்தத் தோள் இறைச்சியை இன்றும் அவ்வட்டார உணவகங்களில் கேட்டு வாங்கலாம். பட்டியலில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள்.

சீஸ் கூடத்துக்குப் பிற்பகலில் போவது

பார்மிஜானோ செய்யும் கூடங்களுக்குக் கறவையின் நேரமே கடிகாரம். முந்தைய மாலை கறந்த பாலை இரவு முழுக்க வைத்து, மேலே திரளும் ஆடையை எடுத்துவிட்டு, அதிகாலைப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். உறைந்த தயிர்த்திரளை உடைத்து, ஏறக்குறைய 55 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். அடியில் படிந்து ஒன்றுசேர்ந்த திரளைத் துணியில் வாரித் தூக்கி இரண்டாக வெட்டுகிறார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சீஸ். சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு சீஸுக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் போகிறது. இந்தக் காட்சி முழுவதும் காலையிலேயே முடிந்துவிடும். பகல் 11 மணிக்குப் போனால் கழுவித் துடைத்த தரையையும் காலியான கொப்பரைகளையும்தான் பார்க்கலாம். முதிரவைக்கும் அறையின் வரிசை வரிசையான சீஸ்கள் எப்போதும் இருக்கும், ஆனால் உயிருள்ள பகுதி போயிருக்கும்.

ஆகவே இந்தப் பயணம் காலை எட்டு மணிக்குச் சீஸ் கூடத்தில் தொடங்க வேண்டும். உங்கள் ஏற்பாட்டாளர் முதலில் அருங்காட்சியகம், பிறகு சாப்பாடு, மாலையில் சீஸ் என்று எழுதிக் கொடுத்தால், அவர் வட்டாரத்தை அறிந்தவரா என்று ஐயப்படுவது நியாயம்தான்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோவில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. இது செய்முறை விதியிலேயே இருப்பதால் விதிவிலக்கு கேட்டுப் பயனில்லை. கீரையும் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியும் அடைத்த தோர்தெல்லி என்ற பாஸ்தா சைவமாகத் தோன்றும், அதிலும் பார்மிஜானோ இருக்கும். ஹாமோடு சூடாகப் பரிமாறும் பொரித்த மாவுத் துண்டுகளைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். முன்பதிவின்போதே “இறைச்சி வேண்டாம்” என்பதோடு நிறுத்தாமல், கொழுப்பு, எலும்புச் சாறு, கன்று நொதி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தனிப் பயணம் என்பதால் மாற்று ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் இருக்கும்.

இசையைச் சாப்பாட்டின் பின்னணியாக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. வைன் பண்ணையின் உணவுக்கூடத்தில் ஒரு பாடகர் வந்து, விருந்தினர் ஹாமை வெட்டிக்கொண்டிருக்கும்போது, புகழ்பெற்ற நாலைந்து பாடல்களைப் பாடிவிட்டுப் போகிறார். அவற்றில் பாதி தென் இத்தாலிய நகரான நாபொலியின் பாடல்கள். வெர்டியின் மண்ணுக்கு வந்து வெர்டியைக் கேட்காமல் திரும்புகிறார்கள். ஓபராக் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு கூடத்தை நிறைக்கப் பயின்ற குரல். கத்தியும் தட்டும் ஒலிக்கும் இடத்தில் அதைப் பாடவைப்பது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இழப்பு.

தனிக் கச்சேரி ஏற்பாடு செய்வதானால் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: யார் பாடுகிறார், எங்கே பயின்றவர், உண்மையான பியானோ இருக்கிறதா, என்னென்ன பாடல்கள், எவ்வளவு நேரம். அரை மணி நேரம் போதும். அது சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கட்டும், மேசையில் தட்டுகள் வைக்கப்படுவதற்கு முன்பே முடியட்டும். கனத்த மதிய உணவுக்கும் மூன்று கோப்பை வைனுக்கும் பிறகு எவ்வளவு நல்ல குரலும் தாலாட்டாகிவிடும்.

கேட்காமல் போவதும் தவறு. புறப்படும் முன் முழு ஓபராக்களையும் கேட்க வேண்டியதில்லை. வைன் வரும் காட்சிகளை மட்டும் தேடிக் கேட்டாலே போதும், பயணத்தின் மூன்று இழைகளும் காதிலேயே சேர்ந்துவிடும். 1853-இல் வந்த ‘லா திராவியாத்தா’வின் விருந்துப் பாடலை எல்லோரும் அறிவார்கள். 1847-இன் ‘மக்பெத்’தில் விருந்தினரை உற்சாகப்படுத்த அரசி பாடும் குடிப்பாடலைக் கொலையுண்டவனின் ஆவி குலைக்கிறது. 1887-இன் ‘ஓதெல்லோ’வில் அதே வகைக் குடிப்பாடல் வஞ்சகனின் கருவியாகிறது. 1893-இல், தம் எண்பதாவது வயதை நெருங்கும்போது எழுதிய ‘ஃபால்ஸ்டாஃப்’பில் உச்சம்: ஆற்றில் தள்ளப்பட்டு நனைந்து நடுங்கும் கிழவன் சூடான வைனைக் குடிக்கிறான். அது உடலில் பரவப் பரவ ஒரு சிறு நடுக்கம் போன்ற ஒலி ஓரிரு கருவிகளில் தொடங்கி இசைக்குழு முழுவதையும் ஆட்கொள்கிறது. மதுவின் வெதுவெதுப்பை இத்தனை துல்லியமாக ஒலியாக்கிய இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

புஸ்ஸேட்டோவின் சிறு அரங்கத்தைக் கதை தெரியாமல் பார்ப்பதும் அப்படித்தான். சுமார் 300 பேர் அமரக்கூடிய அந்த அரங்கம் 1868-இல் வெர்டியின் ‘ரிகொலெத்தோ’ ஓபராவோடு திறக்கப்பட்டது. வெர்டிக்கு அதைக் கட்டுவதில் உடன்பாடு இல்லை. வீண் செலவு என்று நினைத்தார். 10,000 லிரா நன்கொடை கொடுத்தார், ஆனால் உள்ளே காலடி வைக்கவே இல்லை. அந்த மனத்தாங்கலுக்குப் பழைய காரணமும் உண்டு. அவர் பாடகி ஜுசெப்பினா ஸ்திரெப்போனியோடு மணம் செய்துகொள்ளாமல் புஸ்ஸேட்டோவின் முதன்மைத் தெருவில் வாழ்ந்தபோது ஊர் முகம் சுளித்தது. அந்தத் தெருவிலுள்ள வீட்டில்தான் ‘ரிகொலெத்தோ’வை எழுதினார். இதைச் சொல்லத் தெரிந்த வழிகாட்டி இருந்தால் இருநூறு அடித் தெருவில் ஒரு மணி நேரம் நிற்கலாம். வண்டி ஓட்டுநரையே வழிகாட்டி என்று நினைத்து ஏமாறாதீர்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி வேறு, ஓட்டுநர் வேறு. கட்டணத்தில் இருவரில் யார் அடங்குகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மூடிய கதவின் முன் நிற்பது

1851 முதல் வெர்டி வாழ்ந்த சாந்தாகதா பண்ணை வீட்டைத்தான் பலரும் பயணத்தின் மையமாக நினைக்கிறார்கள். வாரிசுகளுக்கிடையே நடந்த நீண்ட வழக்குக்குப் பிறகு அந்த வீடு 2022-இன் இறுதியில் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. இத்தாலிய அரசு அதைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கியது. பழைய பயணக் குறிப்புகள் பலவற்றில் அது திறந்திருப்பதாகவே இருக்கும். திறந்திருக்கிறது என்ற உறுதி கையில் இல்லாமல் அதைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். அது இல்லாவிட்டாலும் குறையில்லை: ரோங்கோலேயின் பிறந்த வீடு, எதிரே அவர் சிறுவனாக ஆர்கன் வாசித்த தேவாலயம், பரேட்ஸியின் வீடு, அரங்கம் ஆகியவையே நாளுக்குப் போதும். கல்லறையை இங்கே தேட வேண்டாம். அது மிலானில், அவரே கட்டிய முதிய இசைக்கலைஞர்கள் இல்லத்தில் இருக்கிறது.

திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஒத்திகை நடக்கும் நாட்களில் அரங்கத்துக்குள் விடமாட்டார்கள். ஆகஸ்ட் நடுவில் ஊரே விடுமுறைக்குப் போய்விடும். மதிய உணவுக்கு 12.30 முதல் 2.30 வரைதான் அடுப்பு எரியும், மூன்று மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

வைனில் பெயரைத் தேடுவது

இத்தாலி என்றதும் கனத்த, வயதான சிவப்பு வைனை எதிர்பார்த்து வருகிறவர்கள், இங்கே நுரைக்கும் சிவப்பு வைனைக் கண்டதும் முகம் மாறுகிறார்கள். லம்ப்ரூஸ்கோ என்ற அந்த வைனின் நுரையும் புளிப்பும் வட்டாரச் சாப்பாட்டோடு பிறந்த குணங்கள். குலாதெல்லோவும் வெண்ணெயும் சீஸும் நாக்கில் விட்டுச்செல்லும் கொழுப்பை அவை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிடுகின்றன. கனத்த வைன் அந்த மென்மையான இறைச்சியின் மணத்தை மூடிவிடும். ஆற்றங்கரைச் சமவெளியின் சொந்தத் திராட்சையான ஃபோர்த்தானாவைக் கேட்டுக் குடியுங்கள்: இலேசான இனிப்பு, நுரை, குறைந்த ஆல்கஹால். பழைய வழக்கப்படி கிண்ணத்தில் ஊற்றித் தருவதும் உண்டு. பார்மா மலையடிவாரத்தின் மல்வசீயா என்ற மணமுள்ள வெள்ளை வைனையும் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் சற்றுக் குளிரவைத்துத்தான் பரிமாறுவார்கள்.

நாலைந்து வைன்களுக்கு மேல் சுவைத்தால் நாக்கு எதையும் வேறுபடுத்தாது. துப்புவதற்கென்று கலம் வைத்திருப்பார்கள், அதைப் பயன்படுத்துவதில் கூச்சம் தேவையில்லை. சுவைத்துப் பார்ப்பதற்காகவே செல்லும் நாளில் நீங்களே வண்டி ஓட்டத் திட்டமிடாதீர்கள். இத்தாலியில் சட்ட வரம்பு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு வரம்பு பூஜ்யம். தனி ஓட்டுநர் செலவு அதிகம் என்றால், பார்மாவிலிருந்து ஃபிதென்ஸாவில் மாறி ரயிலிலேயே புஸ்ஸேட்டோ போய்விடலாம். அங்கிருந்து ரோங்கோலேவுக்கு மட்டும் டாக்ஸியை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

டிக்கெட்டைக் கடைசியில் வாங்குவது

பார்மாவில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வெர்டி விழா நடக்கிறது. சில ஆண்டுகளில் புஸ்ஸேட்டோ அரங்கத்திலும் ஓபரா உண்டு. 300 இருக்கை என்பது எவ்வளவு விரைவில் தீரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வண்டி, வைன் பண்ணை, உணவகம் எல்லாவற்றையும் பதிவுசெய்துவிட்டுக் கடைசியில் டிக்கெட் தேடுகிறவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். முதலில் டிக்கெட், அந்தத் தேதிக்கு ஏற்ப மற்றவை. இரவு ஓபரா இருக்கும் நாளில் மதிய உணவை இரண்டு வகையோடு நிறுத்தி, பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வுக்கு ஒதுக்கச் சொல்லி ஏற்பாட்டாளரிடம் கறாராக எழுதிவிடுங்கள். அந்த இடைவெளியில் இன்னொரு வைன் பண்ணையைச் செருக அவர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள்.