மாத்திரைப் பையோடு சிறை வாசலில்: நோயுற்ற கைதி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனு பார்க்கும் நாளில், அதாவது உறவினர்கள் கைதியைச் சந்திக்கும் நாளில், எந்த மத்தியச் சிறையின் வாசலில் நின்றாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். வயதான அம்மாள் ஒருவர், கையில் துணிப்பை, பைக்குள் மகனுடைய சர்க்கரை மாத்திரைகள். காவலர் பையைத் திருப்பித் தருகிறார். சிறை மருத்துவரின் அனுமதி இல்லாமல் வெளி மருந்தை உள்ளே விட முடியாது. அவர் விதிப்படிதான் நடக்கிறார். அம்மாள் அழுதுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறார். அன்று நடந்த எதுவும் எந்தத் தாளிலும் ஏறவில்லை. இலவச சட்ட உதவி வழக்குகளைப் பார்க்கும் எனக்கு மாத்திரை உள்ளே போகாததைவிட அதுதான் பெரிய கவலை.

கைதியின் உடல்நலம் அரசின் பொறுப்பு என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் கிடையாது. உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு சிறை மதிலோடு நின்றுவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1970-களின் இறுதியிலிருந்தே சொல்லி வருகிறது. அதற்கும் முன்னால், வெள்ளைக்காரன் எழுதிய 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் இருக்கிறது. அதன் மருத்துவப் பிரிவுகளைப் படிக்கிறவர்கள் குறைவு. படித்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது.

“ஒன்றும் குறையில்லை, ஐயா”

முதல் தவறு சிறைக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது. கைதானவரை அரசு மருத்துவர் உடனே பரிசோதித்து, உடலில் உள்ள காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 53-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 54-ஆவது பிரிவாக இருந்ததுதான். நகல் கேட்கும் குடும்பத்தை நான் இதுவரை அதிகம் பார்த்ததில்லை. கேட்கும் வழக்கறிஞர்களும் குறைவுதான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு நீதித்துறை நடுவர் முன் நிறுத்துகிறார்கள். “ஏதாவது புகார் உண்டா?” என்று அவர் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் காவலரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு “ஒன்றும் குறையில்லை, ஐயா” என்கிறார் கைதானவர். அந்த வரி, காவலில் வைக்கச் சொல்லும் ரிமாண்ட் உத்தரவில் ஏறுகிறது. ஆறு மாதம் கழித்து “அன்றே அடித்தார்கள்” என்று வாதாடினால் அந்த ஒரு வரியே எதிரில் வந்து நிற்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீசார் கைது செய்த தந்தையும் மகனும் மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று பெற்ற பிறகுதான் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவருமே உயிரோடு இல்லை. சான்றில் கையெழுத்திடும் மருத்துவரும், உத்தரவில் கையெழுத்திடும் நடுவரும் அதைச் சடங்காக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

“உள்ளே டாக்டர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்”

இருக்கிறார், உண்மைதான். சிறைக்குள் வரும் ஒவ்வொருவரையும் அனுமதித்தபின் கூடிய விரைவில் பரிசோதிக்க வேண்டும் என்கிறது சிறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. பெரும்பாலானவர்கள் தவறவிடும் வாய்ப்பு இதுதான். பல ஆண்டுகளாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வந்த பதற்றத்தில் அதைச் சொல்வதில்லை. காசநோயையோ மனநல சிகிச்சையையோ வெட்கப்பட்டு மறைக்கிறவர்களும் உண்டு. உள்ளே வந்த நாளில் பதிவாகாத நோய் பின்னால் தலைகாட்டினால் “நடிக்கிறான்” என்ற பேச்சு எழும். அது வெறும் பேச்சோடு நிற்பதுமில்லை: நோயுற்றதாகப் பாசாங்கு செய்வது அதே சட்டத்தில் சிறைக் குற்றங்களில் ஒன்று.

37-ஆவது பிரிவின்படி, உடம்பு சரியில்லை என்று சொல்கிறவர் மட்டுமல்ல, பார்வைக்குச் சோர்ந்து தெரிகிறவர் பெயரையும் பொறுப்புக் காவலர் தாமதமின்றி ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பிரிவு. மருந்து வழங்கச் சொல்வது போன்றவை நீங்கலாக, மருத்துவர் கொடுக்கும் ஒவ்வொரு அறிவுரையும் கைதியின் ஹிஸ்டரி டிக்கெட்டில், அதாவது அவருக்கான தனிப் பதிவுச் சீட்டில், அன்றன்றே எழுதப்பட வேண்டும். அது நிறைவேறியதா, இல்லையா என்று ஜெயிலர் ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிய வேண்டும். ‘வெளி மருத்துவமனையில் ஸ்கேன்’ என்று மருத்துவர் எழுதி, வழிக்காவலுக்கு ஆயுதப்படை ஆள் இல்லையென்று மூன்று வாரம் போகாமல் இருந்தால், அந்த மூன்று வாரத்துக்கும் அங்கே கணக்கு இருந்தாக வேண்டும். ஆள் இல்லை என்பது நிர்வாகத்தின் சங்கடம். நோயாளி அதைச் சுமக்க வேண்டிய அவசியமில்லை. 300 கைதிகளுக்கு ஒரு மருத்துவர் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. அது வழிகாட்டிதான். அந்த அளவு எட்டப்படவில்லை என்பதற்காகச் சட்டத்தின் கடமை கரைந்துவிடாது.

ஆகவே அந்த அம்மாள் செய்திருக்க வேண்டியது இது. மாத்திரைப் பைக்குப் பதிலாக, மருந்துச் சீட்டின் நகலையும் ஒரு கடிதத்தையும் கொண்டுபோயிருக்க வேண்டும். கடிதம் சிறைக் கண்காணிப்பாளர் பெயருக்கு, நகல் சிறை மருத்துவ அலுவலருக்கு. நோய், மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள், தவறினால் நேரும் ஆபத்து எல்லாம் பத்து வரியில் அடங்கிவிடும். கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு; அங்கே பணம் கேட்கமாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற விதி இருப்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வழக்கமான முப்பது நாள் மனுவையே போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

மாத்திரைதான் மருத்துவம் என்று நினைப்பதும் தவறு. மூக்குக்கண்ணாடி, பல்செட், ஊன்றுகோல், காதுக்கருவி எல்லாவற்றையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, நடுக்குவாத நோயோடு 2020-இல் மகாராஷ்டிரத்தின் தலோஜா சிறையில் இருந்தபோது, தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழலும் குவளையும் வேண்டி நீதிமன்றம் போக நேர்ந்தது. வயது 83. பதில் சொல்லவே அரசுத் தரப்பு 20 நாள் அவகாசம் கேட்டது. 2021 ஜூலை 5-ஆம் தேதி, ஜாமீன் கிடைக்காமலேயே மருத்துவமனையில் இறந்தார்.

நோயும் ஜாமீனும்

வழக்கறிஞர்கள் செய்யும் பிழை இங்கே. மனுவில் நோயின் பெயரைப் பெரிதாக எழுதினால் ஜாமீன் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறார்கள். நோயுற்றவரையும் நலிவுற்றவரையும் விடுவிக்கலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 480-ஆவது பிரிவில் இடமிருப்பது உண்மை. பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் உண்டு. ஆனால் அது ‘விடுவிக்கலாம்’ மட்டுமே. நீதிபதி தேடுவது வேறு: சிறையிலோ, சிறை அனுப்பும் அரசு மருத்துவமனையிலோ இந்த நோய்க்குச் சிகிச்சை தர முடியாதா? அதற்கு விடை சொல்லாத மனு நிற்காது. கைதானபோது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் சொந்தச் செலவில் தனியார் மருத்துவமனைக்கு மாற உயர் நீதிமன்றம் அனுமதித்தது. காவலில் இருந்தபடியே இதய அறுவைச் சிகிச்சையும் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் மருத்துவக் காரணத்துக்காகக் கேட்ட ஜாமீனை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சிகிச்சை ஒரு கோரிக்கை, விடுதலை இன்னொரு கோரிக்கை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு இரண்டையும் இழப்பவர்கள் அதிகம். சிறை மருத்துவரின் அறிக்கையை வரவழைக்கவும், மருத்துவக் குழு பரிசோதிக்கவும், குறிப்பிட்ட மருத்துவமனைக்கு அனுப்பவும் தனித்தனியே கேளுங்கள். அந்த அறிக்கைகள் கைக்கு வந்தபின் ஜாமீன் வாதம் தானாகவே வலுப்பெறும்.

அடங்காதவன் என்ற முத்திரை

இரவில் கத்துகிறவர், சாப்பிட மறுப்பவர், சுவரோடு பேசுகிறவர் எல்லாம் சிறையில் ஒழுங்குப் பிரச்சினையாகவே பார்க்கப்படுகிறார்கள். ஒரு கைதியின் மனநிலை பாதிக்கப்படுகிறது என்று தோன்றினால் மருத்துவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1894-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு படி மேலே போகிறது: சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினால் மாட்டிக்கொள்ளப்போவது கையெழுத்திட்டவர்தான். கைதியின் சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதும், முடிவை வார்டுக்கே கேட்கும்படி சொல்வதும் அந்த மருத்துவருக்கு அதே வகையான ஆபத்து. கட்டிலோடு நோயாளியைப் பூட்டிவைப்பதும் அப்படியே. அசாமில் மருத்துவமனைக் கட்டிலில் கைதிகளை விலங்கிட்டுக் கயிற்றால் கட்டியதை உச்ச நீதிமன்றம் 1995-இல் கடுமையாகக் கண்டித்தது.

இறந்துவிட்டால்

“உடலை வாங்கிக்கொண்டு போங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்” என்பார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நெஞ்சுவலி என்று சொல்லப்பட்டாலும், நீதிமன்றக் காவலில் நேரும் மரணத்தை நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 196-ஆவது பிரிவு. தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும் என்ற உத்தரவு 1993 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உடற்கூறாய்வை வீடியோவில் பதிவு செய்யக் கேட்கலாம், அறிக்கையின் நகலையும் கேட்கலாம். அவசரப்பட்டு எரித்துவிட்டால் இரண்டாவது ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது; சந்தேகம் இருக்கும்வரை புதைப்பதே நல்லது என்று நான் சொல்வதுண்டு. வழக்கத்தை மீறச் சொல்கிறேன் என்று சில பெரியவர்கள் கோபித்துக்கொண்டதும் உண்டு.

நடுவர் விசாரணையில் உறவினர்கள் உடனிருக்கலாம். ஆனால் சட்டத்தின் சொற்களைக் கவனியுங்கள்: பெயரும் முகவரியும் தெரிந்த உறவினருக்குத்தான் தகவல் தருவார்கள். ஒரு வழக்கில் சிறைப் பதிவேட்டில் இருந்தது, அந்தக் குடும்பம் காலி செய்து நான்கு வருடமாகிவிட்ட வாடகை வீட்டின் முகவரி. அடுத்த முறை மனு பார்க்கப் போகும்போது, உங்கள் இப்போதைய முகவரியும் கைபேசி எண்ணும் அங்கே சரியாக இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.