கால் ஆணி என்று நினைத்துப் பிளேடை எடுக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் அப்பா பிளேடுடன் திண்ணைக்கு வந்துவிடுவார். வலது குதிகாலில் இருந்த ஆணியைச் சீவ வேண்டும். ஊறிய தோல் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு விழும். கொஞ்சம் ஆழம் போனதும் குண்டூசி முனை அளவில் நாலைந்து இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்க்கும். "வேரோடு எடுத்துவிட்டேன்" என்று துணியால் துடைத்துக்கொள்வார். ஒரே வருடத்தில் ஒன்று மூன்றாகிவிட்டது. அவர் குதிகால் தேய்த்த அதே துவைக்கிற கல்லில் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியின் பாதத்திலும் ஒன்று வந்தது. அது ஆணியே அல்ல, மரு என்பது தோல் மருத்துவரிடம் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உள்ளங்காலில் எது தடித்து வலித்தாலும் நம் வீடுகளில் அதற்குக் கால் ஆணி என்றுதான் பெயர். தவறு அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. செருப்போ ஷூவோ ஓரிடத்தில் ஓயாமல் அழுத்துவதால் தோல் காய்த்துப்போவது ஆணி. அது யாருக்கும் ஒட்டாது. மரு, ஹெச்.பி.வி. என்னும் வைரஸால் வருவது, ஒட்டக்கூடியது. கையில் வந்தால் துருத்திக்கொண்டு நிற்கும் மரு, உள்ளங்காலில் உடல் பாரம் முழுவதும் அழுத்துவதால் உள்ளே அமுங்கி, மேலே தடித்த தோலைப் போர்த்திக்கொள்கிறது. அதனால்தான் பார்த்தவுடன் ஆணி போலவே தெரிகிறது.

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரல் நுனியில் இருப்பதுபோலப் பாதத்திலும் ரேகைகள் உண்டு. வெறுமனே காய்த்த தோலில் அவை தொடர்ந்து ஓடும். மரு இருந்தால் அதன் ஓரம் வந்ததும் அறுந்து, சுற்றி விலகிப் போகும். உள்ளே கருப்பாகப் புள்ளிகள் தெரியலாம். அவை அழுக்கும் அல்ல, விதையும் அல்ல. ரத்தம் உறைந்துபோன நுண்ணிய ரத்தக் குழாய்கள். அப்பா சீவும்போது பொட்டுப் பொட்டாக ரத்தம் வந்தது இதனால்தான். இன்னொன்று: ஆணியை மேலிருந்து அழுத்தினால் வலிக்கும், மருவை இருபக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிக்கும்.

வேர் என்று ஒன்று மருவுக்குக் கிடையாது. வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுகிறது. வேரைத் தேடிப் பிளேடால் தோண்டுகிறவர்கள் நல்ல தோலில் கீறல் போட்டு, வைரஸ் புகுவதற்குப் புதிய வாசல் திறந்துவிடுகிறார்கள். ஆழமாக வெட்டிய இடத்தில் தழும்பு விழுந்தால், மரு போன பிறகும் ஒவ்வோர் அடியிலும் அது குத்தும்.

எருக்கம்பால், முந்திரிக்கொட்டை எண்ணெய், சுண்ணாம்பு. இந்த மூன்றையும் அன்போடு சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றுமே மருவை மட்டும் தேர்ந்தெடுத்து எரிப்பதில்லை. சுற்றியுள்ள தோலையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. எருக்கம்பால் பட்ட விரலோடு கண்ணைத் தேய்த்தால் கருவிழியே பாதிக்கப்படும். தயவுசெய்து குழந்தைகளுக்கு இதைச் செய்யாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், காலில் மரத்துப்போன உணர்வோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் வீட்டில் எந்த வைத்தியமும் செய்யக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும், ஆணி மேல் ஒட்டுகிற கார்ன் பிளாஸ்டர்கூட வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது 40% சாலிசிலிக் அமிலம். உணர்ச்சி குறைந்த காலில் அது புண்ணாக்குவதே தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்குப் போகலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

மற்றவர்களுக்குச் சாலிசிலிக் அமிலம் நல்ல மருந்துதான். ஆனால் பிளாஸ்டரை ஒட்டிவிட்டு நாட்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். அது வியர்வையில் நழுவி நல்ல தோலை அரிக்கிறது. பாதத்தை ஐந்து பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலே வெளுத்த தோலை மட்டும் நகம் தேய்க்கும் அட்டையால் மெல்லத் தேய்த்து எடுத்து, சுற்றிலும் வாசலின் தடவிய பிறகு மருவின் மீது மட்டும் மருந்தை வைக்க வேண்டும். அந்த அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது, வேறு இடத்தில் தேய்க்கவும் கூடாது. தினமும் செய்தாலும் 12 வாரம் வரை ஆகலாம். இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

மருத்துவமனையில் திரவ நைட்ரஜன் வைத்து உறையச் செய்தால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 240 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்தது. உறைய வைத்தவர்களிலும் சரி, வீட்டிலேயே 50% சாலிசிலிக் அமிலம் போட்டவர்களிலும் சரி, 12 வாரத்தில் மரு முழுவதும் போனது 14% பேருக்குத்தான். பொறுமை இல்லாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. குழந்தைகளுக்கு வலி இல்லையென்றால் சும்மா விட்டுவிடுவதுகூட ஒரு வழி. பலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடுகிறது.

ஹெச்.பி.வி. என்றதும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு தொடர்புடைய 16, 18 வகைகள் வேறு. பாத மருவைத் தருபவை வேறு. ஆனால் பெரியவர்களின் பாதத்தில் கருமை பரவிக்கொண்டே போனால், அல்லது ஆறாமல் ரத்தம் கசிந்தால், மரு என்று நீங்களே முடிவு கட்டாமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக நடக்கும் தவறு, வலி நின்றதும் மருந்தை நிறுத்துவது. அப்பா இரண்டு முறை அப்படி நிறுத்தி, இரண்டு முறையும் மரு திரும்பி வந்தது. மூன்றாம் முறை நான்தான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. மருவின் ஓரத்தில் விலகிப் போய்க்கொண்டிருந்த ரேகைகள், குதிகாலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை அறுபடாமல் ஓடின. அன்றைக்குத்தான் மருந்துப் புட்டியை மூடி வைத்தோம்.